அண்ணனின் மஞ்சள் களி

அண்ணன் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. கோயிலில் பூசை முடிந்து, பந்தியில் உட்காரும் முன் இந்த மலர் உங்கள் கைக்கு வரும். அண்ணனைப் பற்றி நீயே எழுது என்று உறவினர்கள் சொன்னபோது, எனக்கு எழுத வராது என்று நழுவப் பார்த்தேன். கடைசியில் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அண்ணனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். அதை எங்காவது சொல்லியாக வேண்டும். முதலில் அவருடைய வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது இண்டூர் பக்கம் ஒரு சிற்றூரில். அப்பாவுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம். ராகியும் சாமையும் விளையும். மழை ஏமாற்றினால் அதுவும் இல்லை. பிள்ளைகளில் அண்ணன் மூத்தவர், நான் கடைசி. அப்படி மழை ஏமாற்றிய ஒரு வருடம், மீசை அரும்பிய வயதில், ஊர்க்காரர் சிலரோடு தங்கவயலுக்குப் போனார். இரண்டு வருடம் சுரங்கத்துக்குள் வேலை. மூச்சு முட்டுகிறது என்று மேலே வந்தவர், சுரங்க மேஸ்திரி ஒருவர் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தார். அந்த மேஸ்திரி இத்தாலிக்காரர். வெள்ளைக்காரர் என்றாலே இங்கிலீஷ்காரர்தான் என்று நினைத்திருந்த எங்களுக்கு அண்ணனின் கடிதம் வந்த பிறகுதான் விவரம் தெரிந்தது.

மேஸ்திரியின் மனைவியைத் துரைசானியம்மா என்பார் அண்ணன். அவர்கள் ஊர் இத்தாலியின் வடக்கே, பனிமலை அடிவாரத்தில் பியெமோந்தே என்னும் சீமை. அங்கே அன்றாடச் சாப்பாடு மக்காச்சோள மாவில் கிண்டும் மஞ்சள் களி. பொலெந்தா என்று பெயர். களி கிண்ட எங்கள் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமா? முதல் நாள் அண்ணன் நம் ராகிக்களி போலவே சட்டென்று கிண்டி உருட்டி வைத்தாராம். துரைசானியம்மா அதை எடுத்து நாய்க்குப் போட்டுவிட்டாராம். செப்புக் கொப்பரையில் முக்கால் மணி நேரம் கை ஓயாமல் துழாவி, பலகையில் கொட்டி, நூலால் அறுத்து, முயல்கறியோடு வைக்க வேண்டும். வெண்ணெயும் பால்கட்டியும் உண்டு. மிளகாய் கிடையாது. நம் களியைத் தஞ்சாவூர்க்காரர் தொடாத மாதிரி, இத்தாலியிலும் தெற்கத்தியார் இந்தக் களியைத் தொடமாட்டார்கள் என்று அண்ணன் சொல்வார்.

போர் வந்து இத்தாலி எதிரி நாடானதும், மேஸ்திரியையும் துரைசானியம்மாவையும் காவலில் வைக்கக் கொண்டுபோனார்கள். புறப்படும்போது அந்த அம்மாள் கொப்பரையை அண்ணன் கையில் கொடுத்து, அரைகுறைத் தமிழில் சொன்னாராம்: "செய். மாத்தாதே. மாத்தினா என் ஊர் இல்லே."

அந்தக் கொப்பரையோடு ஊர் திரும்பிய அண்ணன், தருமபுரியிலிருந்து நல்லம்பள்ளி போகும் சாலையில் கொட்டகை போட்டுக் கடை வைத்தார். என் வீட்டுக்காரர் காலமாகி நான் தனியாக நின்ற சமயம் அது. என்னையும் கூட்டிக்கொண்டார். 'இத்தாலிச் சாப்பாட்டுக் கடை' என்று போர்டு எழுதி மாட்டிய மறுவாரமே ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். "சண்டை நடக்கறப்ப எதிரி பேர ரோட்டுல மாட்டியிருக்கிறியா? கழட்டுய்யா!" அண்ணன் கழற்றிவிட்டு 'மலைநாட்டுக் களிக்கடை' என்று எழுதினார். சந்தைக்கு வந்த வத்தல்மலை விவசாயி ஒருவர் அதைப் பார்த்து உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டு, "எங்க மலையில யாருங்க இப்பிடிக் கிண்டறாங்க? எங்க பேரக் கெடுக்கறீங்களே" என்று சண்டைக்கு வந்தார். அவரைச் சமாதானப்படுத்தி, அவர் காட்டிலேயே கொஞ்சம் மக்காச்சோளம் போட வைத்த சாமர்த்தியம் அண்ணனுடையது. கடைசி வரை எங்களுக்கு மாவு வந்த வழி அது ஒன்றுதான்.

கடையில் தீராத தகராறு ஒன்று இருந்தது. நாம் களியை மெல்லுவதில்லை. குழம்பில் புரட்டி அப்படியே விழுங்குகிறோம். வந்தவர்கள் அண்ணனின் களியையும் அப்படியே விழுங்கிவிட்டு, "ஒரு ருசியும் தெரியலீங்களே, கொள்ளுச்சாறு இருந்தா ஊத்துங்க" என்பார்கள். அண்ணன் களி கிண்டும் துடுப்போடு வெளியே வருவார். "இது முழுங்கற களியில்லீங்க. மென்னு சாப்பிடுங்க."

"களியக் கூட மெல்லணும்னா நாங்க கறியே தின்னுட்டுப் போறமுங்க" என்று ஒரு வண்டிக்காரர் எழுந்தே போய்விட்டார்.

நானும் சும்மா இருந்தவளில்லை. "நாலு மொளகா கிள்ளிப் போட்டாக் கூட்டம் தானா வரும்ங்கண்ணா" என்று நச்சரிப்பேன்.

"வரும். அப்புறம் அது எந்த ஊருச் சாப்பாடு பாப்பா?" என்பார்.

முயல்கறிக்குத் திராட்சை மது சேர்க்க வேண்டும். மதுவிலக்கு வந்த எங்கள் சேலம் ஜில்லாவில் மதுவுக்கு எங்கே போவது? காடி ஊற்றிச் சமாளித்தார். அந்த ஒரு மாற்றம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. சாப்பிடுகிறவர்களில் ஒருவருக்கும் அந்த ஊர் ருசி தெரியாது. "நாஞ் செய்யறது சரியா தப்பான்னு சொல்ல ஒரு ஆளு இல்லியே பாப்பா" என்று அடிக்கடி சொல்வார். பணம் வரவில்லை என்று அண்ணன் வருந்தி நான் பார்த்ததில்லை. அவருக்கு இருந்த குறை இது ஒன்றுதான்.

அந்த ஆளும் ஒருநாள் வந்தார். அன்று பார்த்து அண்ணன் முறைக்காய்ச்சலில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். உச்சிவேளையில், பெங்களூர்ப் பக்கமிருந்து வந்த ராணுவ லாரி ஒன்று என்ஜின் கொதித்துப்போய் எங்கள் கடை எதிரே நின்றது. உள்ளே பத்துப் பன்னிரண்டு இத்தாலியக் கைதிகள். காவலுக்கு நம் சிப்பாய்கள். அவர்களுடைய ஹவில்தார் சேலத்துக்காரர். முகாமில் இருந்து இருந்து கைதிகளின் பேச்சு அவருக்குக் கொஞ்சம் பழகியிருந்தது. வண்டி சரியாகும் வரை சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டார்.

விஷயம் கேட்டதும் அண்ணன் எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டார். "நீயே கிண்டு பாப்பா. கை நிறுத்தாத. வாயில வச்சதும் என்ன சொல்றாங்கன்னு கேட்டு வந்து சொல்லு" என்றார். குளிரில் அவர் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன.

மாவுப் பானையைத் திறந்தால் பாதிப் பேருக்குக்கூட வராது. மலையில் அந்த வருடம் விளைச்சல் இல்லை. அண்ணனிடம் கேட்டிருந்தால், இருப்பதை மட்டும் கிண்டு என்றிருப்பார். பசித்து நிற்கும் மனிதர்களில் பாதிப் பேருக்கு இலை போட்டு மீதிப் பேரை வேடிக்கை பார்க்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் கேட்காமல், ராகி மாவைச் சரிபாதி கலந்து கிண்டினேன். களி கறுத்துப்போனது.

கைதிகளில் பெரும்பாலோர் தெற்கத்தியார். களியைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள், கறிக்குழம்புக்காகச் சாப்பிட்டார்கள். கடைசியாக நின்ற செந்தாடிக்காரர் மட்டும் இலையை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மெதுவாக மென்று சாப்பிட்டார். மறுபடியும் வந்து வாங்கிக்கொண்டார். பிறகு கொப்பரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் நெடுநேரம் பேசினார். கண்ணில் தண்ணீர்.

ஹவில்தார் சொன்னார்: "இவுரு வடக்கு மலைக்காரருங்கம்மா. இவங்க ஊருல களி இப்பிடித்தான் கறுப்பா இருக்குமாம். மக்காச்சோளத்தோட வேறொரு கறுப்பு மாவக் கலப்பாங்களாம். மஞ்சக்களி அவங்க ஊரு இல்லியாம், வேற மலைப்பக்கமாம். எங்கம்மா கை மாதிரியே இருக்குதுன்னு சொல்றாருங்க."

லாரி போன பிறகு உள்ளே போனேன். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னாங்க?"

"வடக்கு மலைக்காரரு ஒருத்தரு இருந்தாருங்கண்ணா. அவங்கம்மா கை மாதிரியே இருக்குதுன்னு சொன்னாரு."

"மென்னு சாப்பிட்டாரா?"

"மென்னுதாங்கண்ணா."

அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அழுதார். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ராகியைச் சொல்லவில்லை. மஞ்சள் களி வேறு மலை என்றதையும் சொல்லவில்லை. அழுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த நாளை வரவே இல்லை.

அதன் பிறகு அண்ணனை அசைக்க முடியவில்லை. மக்காச்சோளம் இல்லாத நாளில் கடையை அடைத்தார். முதலில் வாரத்தில் இரண்டு நாள். பிறகு வாரத்தில் பாதி நாட்கள். "ராகி கொஞ்சம் சேத்தா என்னங்கண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன். "அந்த ஊருக்காரரே சரின்னுட்டாரு. மாத்தறதுக்கு நான் யாரு பாப்பா?" என்றார்.

போன வருடம் ஐப்பசி மழையில், மலையில் இரண்டு மூட்டை சோளம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, காய்ச்சல் விட்டும் விடாமலும் இருந்த உடம்போடு வத்தல்மலைக்கு ஏறினார். நனைந்து, அங்கேயே விழுந்துவிட்டார். அந்த விவசாயியும் அவர் மகன்களும் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பின்னும் இரண்டு வாரம் இருந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் அண்ணன் அந்த மலை ஏறியிருக்க மாட்டார். இதை நான் யார் மேலும் போட முடியாது.

கடைசி நாட்களில் ஒரு காலையில் கேட்டார்: "அந்தத் தாடிக்காரரு அவங்க மலையப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா பாப்பா?"

"ஒண்ணும் சொல்லலீங்கண்ணா" என்றேன். அது மட்டும் முழுப் பொய்.

அண்ணனை மலையிலிருந்து சுமந்து வந்த தோள்களுக்கும், இரவு பகல் பாராமல் வந்து ஊசி போட்ட டாக்டருக்கும், கடைசி வேளையில் எண்ணெய் பூசிச் செபித்த சாமியாருக்கும், அடக்கத்துக்குக் குழி வெட்டிய இண்டூர்ச் சொந்தங்களுக்கும் நான் பட்டிருக்கும் கடன் தீராது. ஹவில்தாரும் செந்தாடிக்காரரும் எங்கே இருக்கிறார்களோ, நலமாக இருக்கட்டும்.

இன்று பந்தியில் இரண்டு களி வரும். மஞ்சள், துரைசானியம்மா ஊர். அண்ணன் ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றியது. கறுப்பு, தாடிக்காரர் ஊர். அன்று நான் கிண்டியது. இரண்டையும் அண்ணன் முன் சேர்த்து வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. உங்கள் முன் வைக்கிறேன். கொள்ளுச்சாறு கேட்காதீர்கள். மென்று சாப்பிடுங்கள்.