சிவா அண்ணையின் பன்னிரண்டு அங்குலத் திரை

மூன்று மாத ஆலோசனைக்குப் பிறகு, தம் படகின் ஜிபிஎஸ் வரைபடக் கருவிக்கு ஒன்பது அங்குலத் திரை போதாது, பன்னிரண்டு அங்குலமே வேண்டும் என்று சிவா அண்ணை முடிவெடுத்தார்.

படகின் நீளம் நாலரை மீட்டர். ஓடப்போவது ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரக் கால்வாயில். கால்வாய்க்கு இரண்டு திசைகள் உண்டு.

"இதிலை வழி தவற ஏலுமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"விளங்காமல் கதைக்காதை. இது ஆழமும் காட்டும்."

ஆழம் காட்டும் உணரியைப் பொருத்த இன்று காலை படகின் அடியில் ஓட்டை போட்டு, சுற்றிலும் பசை பூசினார். காய இரண்டு நாள் ஆகும் என்று பசைக் குழாயில் எழுதியிருந்தது.

படகுச் சங்கத்தின் எல்லாப் படகுகளையும் ஆண்டுக்கு ஒரே நாளில் தண்ணீரில் இறக்கும் கிரேன் பத்து மணிக்கு வந்தது. கிரேன்காரர் ஓட்டையைச் சுற்றியிருந்த பசையைத் தொட்டுப் பார்த்தார். விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த படகுக்குப் போனார்.

அண்ணையின் மனைவி உயிர்காப்பு அங்கியோடு, புட்டுப் பெட்டியைப் பிடித்தபடி நின்றார். "இப்ப என்னப்பா செய்யிறது?"

அண்ணை திரையைப் போட்டார். "இஞ்சை பாரும், நாங்கள் கார் பார்க்கிலை நிக்கிறதை அச்சொட்டாக் காட்டுது."

கிரேன் இனி ஒக்டோபரில் வரும், குளிர்காலத்துக்காகப் படகுகளை வெளியே எடுக்க.