பென்சிலில் போன விண்ணப்பம்

படிவம் நிரப்புவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் ஜூன் மாதத்தில் ஒரு நாள் என் கடையில் வந்து உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். 1996-இல் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், பஸ்கள் திரும்புகிற முனையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு மெஷின், இரண்டு டைப்ரைட்டர், ஒரு எஸ்.டி.டி. பூத், அப்புறம் வினோலியா. மெஷின் பக்கத்துக் கடையிலும்தான் இருந்தது. ஆனாலும் கூட்டம் என் கடையில். மேல்படிப்புக்கு மனுப் போட வருகிறவர்கள் சீவலப்பேரியிலிருந்து வந்தாலும் சரி, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தாலும் சரி, "அந்த டீச்சரம்மா இருக்காவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேறுவார்கள். அவள் டீச்சரும் இல்லை, அம்மாவும் இல்லை. வயது இருபத்தொன்று.

உவரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர் அவளுக்கு. அப்பா கபிரியேல் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அம்மா அந்தோணியம்மாள் கருவாடு போட்டுச் சந்தையில் விற்கிறவள். வினோலியா பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்து முதல் வகுப்பில் தேறினாள். முடித்த கையோடு என்னிடம் வந்து, "ஒரு வருசம் வேல பாத்துட்டு மேல படிக்கேன் அண்ணாச்சி" என்றாள். மேலே என்ன படிக்கப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான், வேறென்ன.

என் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் படிவமானாலும் முதலில் பென்சில். மனுதாரர் எதிரே ஸ்டூலில் உட்கார வேண்டும். வினோலியா ஒவ்வொரு வரியாக வாசிப்பாள், அவர் 'சரி' சொல்ல வேண்டும். கடைசி வரிவரை சரி வந்த பிறகுதான் மை, அதற்குப் பிறகு ரப்பர். அடித்தல் திருத்தல் இருந்தால் தள்ளுபடி என்று எல்லாப் படிவத்திலும் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கிராமத்திலிருந்து வருகிறவர் இன்னொரு படிவத்துக்கு எங்கே அலைவார்? முடிந்த படிவம், சான்றிதழ் நகல், டிராஃப்ட், விலாசம் எழுதிய உறை எல்லாம் ஒன்றாகக் குத்தப்பட்டு மேஜை ஓரத்து நீலத் தட்டுக்குப் போகும். மூன்று மணிக்கு நான் தட்டை அப்படியே வழித்துக்கொண்டுபோய், உறையில் போட்டு ஒட்டி, தபாலாபீஸில் ரிஜிஸ்டர் பண்ணிவிடுவேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டேன். வினோலியா வைத்தால் சரியாகத்தான் இருக்கும்.

அவள் படிவம் மட்டும் நிரப்பவில்லை, படிப்பையே முடிவு பண்ணிக் கொடுத்தாள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வைத்தி என்று ஒருவர் தன் மகள் காமாக்ஷியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் கணிதம் முடித்திருந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே எம்.எஸ்சி. கணிதம் போட்டுவிட வேண்டும் என்று அவர் தீர்மானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வினோலியா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காமாக்ஷியிடம், "நீங்க சொல்லுங்க" என்றாள். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, கடைசியில் கம்ப்யூட்டர் படிப்பு என்று முணுமுணுத்தது.

"நான் சொல்றதை எழுதும்மா" என்றார் வைத்தி.

"சார், இங்கன விண்ணப்பதாரர்னு ஒரு கட்டம் இருக்கு. அது நீங்க இல்ல."

எனக்குப் பகீர் என்றது, வாடிக்கை போய்விடுமோ என்று. வைத்தி பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "எம்.சி.ஏ.ன்னே போடு, படிக்கப்போறவ அவதானே" என்றார். இப்படித்தான் அந்த ஜூன் முழுக்க நடந்தது. அப்பாக்களை மடக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

தன் விஷயத்தில்தான் தகராறு. அம்மா பி.எட். என்று சொல்லியிருந்தாள், வினோலியாவும் பி.எட். படிவத்தை ஒரே மூச்சில் மையில் எழுதி அனுப்பிவிட்டாள். ஆனால் அதே வாரம் மதுரைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அவள் பெயருக்கு இன்னொரு உறை வந்தது. கடல் உயிரியல், எம்.எஸ்சி. டிராஃப்ட் எடுத்தாள், நகல்களில் சான்றொப்பம் வாங்கினாள், படிவத்தைப் பென்சிலில் அழகாக நிரப்பி, விலாசம் எழுதிய உறையோடு சேர்த்துக் குத்தினாள். அதோடு சரி. எட்டு நாள் அந்தப் படிவம் மேஜையில் கிடந்தது. கூட்டம் இல்லாதபோது எடுத்துப் பார்ப்பாள், ஆள் வந்தால் தள்ளி வைப்பாள்.

நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பி.எட். என்றால் பாளையங்கோட்டையிலேயே இருப்பாள், சாயங்காலம் கடைக்கு வந்துவிடுவாள். மதுரை என்றால் போனது போனதுதான். சுயநலம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

புதன்கிழமை கடையில் நிற்க இடமில்லை. மூன்று மணிக்கு வழக்கம்போலத் தட்டை வழித்துக்கொண்டு போனேன், பதினேழு உறை, எல்லாவற்றையும் ரிஜிஸ்டர் பண்ணிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை காலையில் வினோலியா மேஜையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, இங்கன ஒரு ஃபார்ம் இருந்துச்சே."

"தட்டுல கெடந்தது எல்லாம் நேத்தே போயாச்சு."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அது என்னோடது அண்ணாச்சி. நெருக்கடியில தட்டுல தள்ளிட்டேன் போலிருக்கு. இன்னும் மை போடல. கையெழுத்துகூடப் போடல."

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. "எட்டு நாளா என்னத்தப் பண்ணிக்கிட்டு இருந்த? ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுக்க. உன் ஃபார்முக்கு மை போட உனக்கு நேரம் கிடைக்கலியா?"

"நேரம் இருந்துச்சு. எதிர்ல உக்காந்து சரின்னு சொல்லத்தான் ஆளில்ல. நானே வாசிச்சு நானே சரி சொல்ல வாய் வரல."

கடைசித் தேதி மறுநாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. பென்சிலில் வந்த மனுவை எந்த ஆபீஸிலும் குப்பையில்தான் போடுவார்கள், எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். போகட்டும், பி.எட். இருக்கிறதே என்று சொல்ல எனக்கு நல்ல சந்தர்ப்பம். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அதற்குள் அவளே பேசினாள். "பி.எட். தபால் தொலஞ்சு போயிருந்தா இன்னொண்ணு போடலாம்னு டீ குடிக்கப் போயிருப்பேன். இது தள்ளுபடியாயிரும்னு நினைச்சாலே வயிறு எரியுது அண்ணாச்சி."

"அப்போ இதான் வேணும்."

"இதான் வேணும்" என்றாள். எட்டு நாளாக மேஜையில் கிடந்த கேள்வி இவ்வளவுதான். அதற்கு மேல் அவள் பழைய வினோலியா ஆகிவிட்டாள். நாளைக்கு நேரில் போய் மை போட்டுவிடலாம், பஸ் இத்தனை மணிக்கு, ஒரு செட் நகல் கூடுதலாக, ஒரு போட்டோ கூடுதலாக என்று விரல் மடக்கினாள். ஒரு விரலில் நின்றாள். "பெத்தவங்க கையெழுத்து ஒண்ணு வேணும்."

"அத நீயே போட்டுரு. யாருக்குத் தெரியப்போவுது?"

"இந்தக் கடையில நான் ஒருத்தருக்கும் அப்படிப் போட்டுக் குடுத்ததில்ல" என்றாள். முதலாளி நான்தான், ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

படிவம் மதுரையில் இருந்ததால் அம்மாவையே கூட்டிவர மதிய பஸ்ஸில் ஊருக்குப் போனாள். வெள்ளிக்கிழமை காலையில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் நான் காத்திருந்தபோது, வினோலியா முன்னால் வந்தாள், பின்னால் அந்தோணியம்மாள். உப்புக் காற்றில் கறுத்த முகம், தோளில் ஒரு பை, விறுவிறுவென்று நடை. அவளை அன்றுதான் முதல் முறை பார்க்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். சீசனில் கடை பூட்டுவது என் வழக்கமில்லை. தட்டை வழித்தவன் நான், அதனால் வந்தேன்.

பஸ்ஸில் அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. கையெழுத்து வேணும், கிளம்பு என்று மட்டும் மகள் சொல்லியிருக்கிறாள். பி.எட்.தானே என்று அம்மா கேட்டதற்கு, இல்லை, கடலைப் பற்றிய படிப்பு என்றிருக்கிறாள். அத்தோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டதாம். நான்தான் நடுவில் மாட்டிக்கொண்டேன். வழியை நிறைக்க, மகள் வைத்தியை மடக்கிய கதையை அந்தோணியம்மாளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"கடலப் படிக்க மதுரைக்குப் போறாளே அண்ணாச்சி. மதுரையில ஏது கடலு?"

"ரெண்டாம் வருசம் கடற்கரையிலதானாம். ஃபார்மோட வந்த புத்தகத்துல போட்டிருக்கான்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோவில்பட்டி தாண்டியதும் பஸ் படுத்துவிட்டது. மாற்று பஸ் வர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வினோலியா ரோட்டில் நடந்துகொண்டே இருந்தாள். நான் கண்டக்டரிடம் சண்டை போட்டேன், அதனால் பஸ் சீக்கிரம் வந்துவிடவில்லை. பல்கலைக்கழகக் கவுன்டரில் போய் நின்றபோது மணி நாலு பத்து.

கவுன்டரில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. விஷயத்தைச் சொன்னதும், "அந்தப் பென்சில் மனு உங்களுதா? காலையிலதான் பிரிச்சேன். யாரோ வெளையாடுறாங்கன்னு நெனச்சுத் தள்ளுபடிக் கட்டுல வச்சுட்டேன்" என்று உள்ளே போனார். தேடி எடுத்துக்கொண்டு வர கால் மணி நேரம். "அஞ்சு மணிக்குள்ள குடுத்தா எடுத்துக்கிருவேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் என்னால முடியாது."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வினோலியா மை போட்டாள். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படிவத்தை அம்மாவிடம் நீட்டினாள். நாலு முக்கால்.

அந்தோணியம்மாள் பேனாவை வாங்கவில்லை. "இது எத்தன நாளா உன் மனசுல கெடக்கு?"

"ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசமா எங்கிட்டச் சொல்லல."

"எம்மா, நேரமாவுது."

"ஆவட்டும். நான் ஏன் பி.எட்.னு சொன்னேன் தெரியுமா? நம்ம ஊர்ல படிச்ச பிள்ளன்னா நான் கண்டது டீச்சரத்தான். வேற என்ன படிப்பு இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா? நீ சொன்னியா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவங்க அப்பங்கிட்ட பேசி முடிச்சுக் குடுக்கியாம், இந்த அண்ணாச்சி சொல்லுதாவ. உன்னப் பெத்தவகிட்ட பேச மட்டும் உனக்கு வாயில்லையா?"

ஒரு வருடத்தில் வினோலியா அழுது நான் பார்த்ததில்லை. அப்போது அழுதாள். "நீ வேண்டாம்னுட்டா என்ன செய்யன்னு பயமா இருந்துச்சும்மா."

"வேண்டாம்னா சண்ட போடு. நான் சண்டைக்குப் பயந்தவளா? நீ எனக்குப் பிறந்தவதானே?" அந்தோணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பச் சொல்லு. என்ன வேணும்?" என்றாள்.

"இதான்மா வேணும். இத மட்டுந்தான் படிக்கணும்."

அந்தோணியம்மாள் பேனாவை வாங்கினாள். அவள் வயது வந்தோருக்கான அறிவொளி வகுப்பில் எழுதப் பழகியவள். பெயரும் நீளமான பெயர். ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி, நிறுத்தி எழுதினாள். கவுன்டர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார், நான் கவுன்டர் அம்மாவைப் பார்த்தேன். வினோலியா மட்டும் அவசரப்படுத்தவில்லை, தாளை நகராமல் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுதி முடித்தபோது ஐந்துக்கு நாலு நிமிடம்.

கவுன்டர் அம்மா படிவத்தை வாங்கி மதிப்பெண் பட்டியலைப் புரட்டினார். முத்திரை குத்தி ரசீதை நீட்டும்போது, "இந்த மார்க்குக்கு சீட் இல்லேன்னா வேற யாருக்கும்மா இருக்கு? ஜூலையில லெட்டர் வரும், பெட்டியக் கட்டி வைங்க" என்றார். ஜூலையில் வந்தது, சேர்க்கைப் பட்டியலில் இரண்டாவது பெயர் அவளுடையது. ஆனால் அதற்கு முன்பே, அந்த வராந்தாவிலேயே எனக்கு அவள் போய்விட்டாள் என்பது தெரிந்துவிட்டது.

படியிறங்கும்போது அந்தோணியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, ஒரு வருசமா ஒங்க கடையிலதான் இருந்தா. என்ன படிக்கணும்னு நீங்களும் ஒரு வார்த்த கேக்கலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். மகள் பக்கத்தில் நின்றாள்.

"கேக்கல" என்றேன். "கேட்டிருந்தா அன்னைக்கே கடைக்கு வேற ஆள் பாத்திருக்கணும்."

அந்தோணியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான். "இப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.