துணி மூடிய துரை

மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தால் அந்துருண்டை வாசனை. அவ்வளவுதான், ஏற்காட்டு மூடுபனி அறைக்குள் வந்துவிடுகிறது. நனைந்த சாக்கு, ஸ்பிரிட் விளக்கு, மர பெஞ்சின் பூஞ்சை. அதற்குப் பின்னால், மூலையில், மெல்ல ஏதோ திரும்புகிறது.

எங்கள் பள்ளிக்கூடத்து அறிவியல் கூடத்தில் ஓர் எலும்புக்கூடு தொங்கியது. மேலே இரும்புக் கொக்கி, உடம்பு முழுக்க வெள்ளைத் துணி, காலடியில் அந்துருண்டைகள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் துரை. இந்த மலையில் செத்துப்போன வெள்ளைக்கார எஸ்டேட் துரை என்று மேல் வகுப்புக்காரர்கள் சொன்னார்கள். நான் ஆறாவது படிக்கும்போதுதான் அது கீழேயிருந்து ஒரு வேனில் வந்து இறங்கியது. நாங்களே வேடிக்கை பார்த்தோம். இருந்தும் நம்பினோம். அவ்வளவு உயரத்தில் தொங்க வேறு யாருக்கு யோக்கியதை? சன்னல் வழியாகப் பனி நுழைந்தால் துரை கொக்கியில் சுற்றுவார். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் கடைசியில் காப்பித் தோட்டத்தைப் பார்த்துத்தான் நிற்பார். வேலைக்கு வந்த ஆட்களை எண்ணுகிறார் என்போம்.

ஒன்பதாம் வகுப்பில் புது அறிவியல் டீச்சர் வந்தார். சமவெளிக்காரர், குளிருக்குக் காது வரை மப்ளர் சுற்றியிருப்பார். எங்களுக்குப் படிப்பு என்றால் கூட்டமாகக் கத்தி மனப்பாடம் செய்வது. சத்தம் வெளியே கேட்டால்தான் பாடம் நடக்கிறது என்று தலைமையாசிரியர் நம்புவார். புது டீச்சரோ புத்தகத்தை மூடச் சொன்னார். ஏரித் தண்ணீரை மொண்டுவந்து லென்சில் பார்க்கவைத்தார். அவர் வகுப்பில் சத்தமே இருக்காது. தலைமையாசிரியர் கதவு வரை வந்து, அந்த அமைதியைக் கண்டு பயந்து திரும்பிப் போவார்.

ஒருநாள் டீச்சர் துணியை உருவினார்.

"பேரு மனப்பாடம் பண்ண வேண்டாம். தொட்டுப் பாருங்க. இவங்க யாரு, என்ன வேலை செஞ்சாங்கன்னு எலும்பே சொல்லும். எனக்கு வந்து சொல்லுங்க."

யாரும் நகரவில்லை. பிறகு குழு பிரித்தார். ஒரு குழுவுக்குத் தலை, ஒன்றுக்கு முதுகு, ஒன்றுக்கு இடுப்பு. எங்களுக்கு இடது கை.

இடுப்பைப் பார்த்த குழு முதலில் கத்தியது. "டீச்சர், இது பொம்பள!"

"அட, துரை இல்லடா, துரைசாணி!" வகுப்பே சிரித்தது. முதுகுக் குழு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது: கழுத்தெலும்பின் ஓரமெல்லாம் தேய்ந்திருக்கிறது. தலையில் சுமை தூக்கிய கழுத்து என்றார் டீச்சர். துரைசாணி எதற்குச் சுமை தூக்க வேண்டும்? சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

என் விரல் அந்த முன்கை எலும்பில் ஊர்ந்துகொண்டிருந்தது. சில்லென்றிருந்தது; ஆனால் செத்த பொருளின் சில்லிப்பு இல்லை, விடிகாலையில் வெளியே போய்வந்த கையின் சில்லிப்பு. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. கொய்யாக் கிளையில் வெட்டுப்பட்ட இடம் மேடாகுமே, அப்படி.

"ஒடிஞ்சு கூடியிருக்குதுங்க டீச்சர். கோணலாக் கூடியிருக்குது. மூங்கில் தப்பை வெச்சுக் கட்டியிருப்பாங்க."

டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் துரை ஒரு சுற்றுச் சுற்றி என் பக்கம் நின்றார்.

வீட்டுக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"எலும்பத் தொட்டுட்டு வந்து சோறு கேக்கறா பாரு உம்புள்ள," என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. "எந்தக் கை?" என்றாள்.

"இடது கை."

துடுப்பு பானைக்குள் நின்றது. "பல்லு?"

"பல்லு எங்க குரூப்புக்கு வரலம்மா."

களி அடிபிடித்த வாசனை வந்தது. அம்மா அதைக் கிண்டவே இல்லை.

அம்மாவுக்கு ஓர் அக்கா. நான் தொட்டிலில் கிடந்தபோது காய்ச்சல் முற்றி, ஜீப்பில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றிரவே மழை, மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. பல நாள் கழித்து அம்மா மலையிறங்கி ஆஸ்பத்திரியில் கேட்டபோது அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். பெரியம்மா என்ன பெயர் கொடுத்தாள், கொடுக்க நினைவிருந்ததா, யாருக்கும் தெரியாது. "எங்கியோ ஒரு ஊட்டுல வேல செஞ்சுக்கிட்டு இருக்கும் எங்கக்கா, வரும்" என்பாள் அம்மா. சேலம் பஸ் நிலையத்தில் என் கையைப் பிடித்தபடி ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடப்பாள். பெரியம்மா காப்பிச் சரிவில் விழுந்து கை ஒடித்துக்கொண்ட கதை எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஒன்று கதை, மற்றொன்று பாடம்.

மறுநாள் அம்மா எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டரிடம் லீவு சொல்லிவிட்டு என்னோடு பள்ளிக்கு வந்தாள். விசேஷ வீட்டுக்குக் கட்டும் சேலை. புது டீச்சரிடம் சண்டைக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

டீச்சர் துணியை எடுத்தார். பனி சன்னலைத் தாண்டி இடுப்பளவு நின்றது. காற்றே இல்லை. துரை மெதுவாகத் திரும்பினார், தோட்டத்தை விட்டு, அம்மாவை நோக்கி.

அம்மா கையைப் பார்க்கவில்லை. முதலில் வாயைப் பார்த்தாள். மேல்வரிசையில், ஓரமாக, ஒரு பல் இன்னொரு பல்லின்மேல் ஏறியிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு இடது கையைப் பிடித்தாள். நான் தேடிக் கண்டுபிடித்த அந்த முடிச்சில் அவள் கட்டைவிரல் தேடாமலே போய் உட்கார்ந்தது.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களாம்மா?"

"இல்லீங்க டீச்சர்," என்றாள் அம்மா. "எங்கக்கா நல்லாத் தாட்டியா இருக்குமுங்க. இப்படி ஒல்லியா இருக்காது."

அக்காவா என்று டீச்சர் கேட்டிருக்கவே இல்லை.

அம்மா துணியை வாங்கித் தானே போர்த்தினாள், குளிருக்குக் குழந்தையைச் சுற்றுவதுபோலத் தோளோடு இழுத்து. "பனி நேரத்துல சன்னலச் சாத்தி வையுங்க," என்றாள். முந்தானையால் கையைக்கூடத் துடைக்காமல் வாசலுக்கு நடந்தாள்.

எனக்கு மானம் போயிற்று. பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லிக்கொண்டுதான் இறங்குவாள் அம்மா. சொல்லாமல் கிளம்புவது ஆடுமாட்டுப் பழக்கம் என்று என்னை அடித்திருக்கிறாள். எஸ்டேட்டில் யார் செத்தாலும் என்னைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவாள். அந்த வீடுகளின் வழக்கம் எதுவும் எனக்குத் தெரியாது. எனக்காக இவ்வளவு நல்ல டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிவிடலாம் என்று கதவருகே திரும்பினேன்.

"டீச்சர், நாங்க போயிட்டு வர்..."

அம்மாவின் உள்ளங்கை என் வாயை இறுகப் பொத்தியது. அந்துருண்டை வாசனை. பின்னால் கொக்கி கிறீச்சிட்டது. அம்மா குனிந்து, என் காதோடு சொன்னாள்.

"சொல்லாத கண்ணு. இந்த ஊட்டுல அப்படிச் சொல்லக்கூடாது."