செவ்வாய்க்கிழமை வீக்கம்

எனக்குக் கண் வீங்குவது எப்போதும் செவ்வாய்க்கிழமைதான். எல்லாச் செவ்வாயும் இல்லை. மாதத்தில் ஒன்று, சில மாதம் இரண்டு. திங்கட்கிழமை சாயந்திரம் நெற்றியோரம் லேசாக ஊறல் எடுக்கும். மறுநாள் காலையில் எழுந்தால் இமை இரண்டும் இட்லி மாதிரி உப்பி, நடுவில் ஒரு கீறல் மட்டும் திறந்திருக்கும். காது மடல் சிவந்து நீர் கசியும். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் வடிந்து தோல் உரியும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி மூன்று வாரம் ஓடும்.

நான் கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டேக்கர் ஓட்டுகிறேன். லாரியில் வரும் பெட்டியைத் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற வண்டி அது. கண் தெரியாதவன் அதில் ஏறினால் கீழே நிற்கிறவன் முழுசாக வீடு போய்ச் சேர மாட்டான். அதனால் வீங்கின நாட்களில் லீவு போட்டுவிடுவேன்.

செவ்வாய்க்கிழமையில் வருகிறது என்று கண்டுபிடித்தது என் மனைவி. கண்டுபிடித்த அன்றைக்கே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அதோடு செவ்வாய்தோறும் அம்மன் கோயிலில் எலுமிச்சை விளக்கு ஏற்றுவதாக வேண்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா வேளாங்கண்ணி எண்ணெய் கொடுத்தார்கள், நெற்றியில் தடவிக்கொண்டேன். தர்காவில் ஓதின தண்ணீர் வந்தது, அதையும் பக்தியோடு குடித்தேன். இதில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். தப்பு என் பக்கம் இருந்தது. அதை இப்போது சொல்கிறேன்.

முதலில் டோல்கேட் பக்கம் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். கண் தெரியாததால் யார்டு தோஸ்து ஒருத்தன் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போய், உள்ளேயும் கூடவே வந்து நின்றான். டாக்டர் வரிசையாகக் கேட்டார். புது சோப்பு? இல்லை. மாத்திரை? இல்லை. அடுத்து, தலைக்கு டை போடுகிறீர்களா என்று கேட்டார்.

"இல்ல சார். எங்க வம்சத்துலயே யாருக்கும் நரைக்காது" என்றேன்.

தோஸ்து தலையை ஆட்டினான். டாக்டர் அடுத்ததாக வீடு எங்கே என்று கேட்டார். திருவொற்றியூர், வேலை எண்ணூர் ரோடு என்றேன். அத்தோடு கேள்விகள் முடிந்தன. தூசி அலர்ஜி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் ஏரியாக்காரனுக்குப் பல் வலித்தாலும் ஃபேக்டரிக் காற்றின்மேல்தான் பழி விழும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

நான் ஏன் இல்லை என்றேன்? எங்கள் யார்டில் தலை நரைத்தவரை வண்டியிலிருந்து இறக்கி கேட்டில் சீல் நம்பர் பார்க்க விடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து, "வூட்ல ரெஸ்ட் எடு பெரியவரே" என்பார்கள். என் கண்ணெதிரே மூன்று பேர் அப்படிப் போனார்கள். எனக்கு நாற்பதிலேயே நரைத்துவிட்டது. அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, சில மாதம் இரண்டு, மனைவி சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து, மாடி பாத்ரூமில் டை அடித்துக்கொள்வேன். பதினைந்து வருடம் ஒரு கோளாறும் இல்லை.

சந்தேகமே வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஒருமுறை வந்தது. உடனே மூலிகை என்று போட்டிருந்த பாக்கெட்டுக்கு மாறினேன். அதிலும் வீங்கியது. மூலிகையிலேயே வீங்குகிறது என்றால் டை காரணம் இல்லை என்று முடிவு கட்டி, காசிமேட்டு மீன்மேல் சந்தேகப்பட்டேன். இறாலை விட்டேன், கருவாட்டை விட்டேன், கத்தரிக்காயை விட்டேன். தலையணையை மாற்றினேன். விபூதிகூட வேறு கடையில் வாங்கினேன். இப்படி இரண்டு வருடம் போனது.

இதற்கு நடுவில் கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுவிடுவேன். பதினேழு வருடமாக மலைக்குப் போகிறேன். அந்த நாற்பத்தெட்டு நாளும் ஒரு வீக்கம் கிடையாது. ஐயப்பன் கண்ணைக் காப்பாற்றுகிறான் என்று எல்லோரிடமும் சொன்னேன். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய மறுவாரம் செவ்வாய்க்கிழமை வீங்கிவிடும். விரதம் முடிந்ததும் சாமி கையை விட்டுவிடுகிறான் என்று மனத்தாங்கலாக இருக்கும்.

போன ஐப்பசியில் ஒரே மாதத்தில் இரண்டு தடவை வந்தது. சூப்பர்வைசர் என்னை இறக்கிவிட்டார்.

"இன்னா நோவுன்னு டாக்டர் கையால எய்தி வாங்கினு வா நைனா. அதுவரிக்கும் சாவி கேக்காத" என்றார். கேட்டில் நிற்கச் சொன்னார்.

கேட்டுக்குப் போனவர் யாரும் திரும்ப வண்டி ஏறி நான் பார்த்ததில்லை. மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முதுகில் மருந்து ஒட்டிப் பார்க்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறது என்று தேதி கொடுத்தார்கள். அது கார்த்திகை கடைசியில் விழுந்தது.

அன்றைக்கு மனைவியும் வந்தாள். நான் கறுப்பு வேட்டி, துளசி மாலை, வெறுங்கால். ஒரு மாசத் தாடி. மாலை போடும்போதே ஒட்ட வெட்டிவிடுகிற தலையும், தாடியும் பஞ்சு மாதிரி வெள்ளை. வருடா வருடம் அப்படித்தான் ஆகும். மாலை போட்டவன் தலையை யாரும் கண்டுகொள்வதில்லை. கார்த்திகையில் வெளுத்து தையில் கறுத்துவிடுவேன். இதைப் பற்றி யார்டில் ஒருத்தனும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பெண் டாக்டர். சின்ன வயசு.

"முதுகுல ஒட்டுவோம் சாமி. ரெண்டு நாள் தண்ணி படக்கூடாது."

"ரெண்டு வேளையும் தலைக்கு ஊத்தணும் டாக்டரம்மா. விரதம்."

அவர் கோபப்படவில்லை. அப்படியானால் பேசியே பார்ப்போம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். விரதத்தில் வீங்குவதில்லை என்று சொன்னேன். விரதத்தில் எதையெல்லாம் விடுகிறீர்கள் என்று கேட்டு எழுதினார். கவுச்சி, செருப்பு, மெத்தை, சவரம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சீட்டு போடுவதற்காகக் கொடுத்த என் யார்டு அடையாள அட்டை அவர் மேஜையில் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இது யாரு சாமி?"

"நான்தான்."

"எப்போ எடுத்தது?"

"இந்த சித்திரையில."

படத்தில் என் தலை புது டயர் மாதிரி இருந்தது.

"டை அடிப்பீங்களா?"

முன்பு ஒருமுறை இதே கேள்விக்கு வம்சத்தையே சாட்சிக்கு இழுத்தவன் நான். இப்போது கழுத்தில் மாலை கிடந்தது. மாலையோடு பொய் சொன்னால் பதினெட்டுப் படியில் எந்தக் காலை வைப்பது? மனைவி பக்கத்தில் இருந்தாள். வாசலில் பத்து பேர் வரிசையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடிப்பேன் சாமி" என்றேன்.

டாக்டரையும் சாமி என்றுதான் சொன்னேன். அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது.

"எந்தக் கிழமை?"

"ஞாயித்துக்கெழமை."

அவர் விரலை மடக்கித் திங்கள், செவ்வாய் என்று எண்ணிக் காட்டினார். டை உடனே காட்டாது, ஒரு நாள் ரெண்டு நாள் விட்டுத்தான் வீங்கும், பல வருடம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் ஆரம்பிக்கும், மூலிகை பாக்கெட்டிலும் அதே மருந்தைக் கலப்பார்கள் என்றார். விரதம் முடிந்ததும் வந்து முதுகில் ஒட்டி உறுதி செய்துகொள்ளச் சொன்னார். இனிமேல் ஒரு சொட்டு படக்கூடாது, அடுத்த தடவை மூச்சு அடைத்தாலும் அடைக்கும் என்றார். தலைச்சாயத்தால் வந்த ஒவ்வாமையாகத் தெரிகிறது, இப்போது வேலைக்குத் தகுதியாக இருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ் கல்மண்டபம் தாண்டியது. மனைவி என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"இன்னா சாமி, அந்த மொதல் டாக்டர் இத்த கேக்கவேயில்லையா?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இல்லன்னேன்."

"நெனச்சேன். தலாணி உறை அம்மாங் கறுப்பா கீது, ரெண்டு தண்ணில தோச்சாலும் போவல. வம்புக்கு கேப்பானேன்னு வுட்டேன். டாக்டராண்ட நீ சொல்லியிருப்பன்னு நெனச்சேன். ரெண்டு வருசம் எறா இல்லாம பொங்கிப் போட்டேனே சாமி."

மாலை போட்டவனைத் திட்டக்கூடாது. அதனால் அவள் ஒவ்வொரு வாக்கியத்திலும் சாமி சேர்த்துக்கொண்டாள்.

டெஸ்ட்டும் முடியட்டும் என்று கடிதத்தை வைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். இரண்டு வருடமாக அங்கே நின்று, கண்ணைக் காப்பாற்று என்றுதான் கேட்டிருந்தேன். இந்தத் தடவை கேட்க வாய் வரவில்லை. வருடத்துக்கு நாற்பத்தெட்டு நாள் ஐயப்பன் காரணத்தைக் கையில் பிடித்துக் காட்டியிருக்கிறான், நான்தான் கைவிட்டான் என்று சொல்லித் திரிந்தேன். அந்த ஒரு 'இல்லை'க்கு மன்னிப்புக் கேட்டேன். பின்னால் இருந்தவர் நகரச் சொல்லித் தள்ளும்வரை அழுதேன்.

மாலை கழற்றியபின் தையில் முதுகில் ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிய கட்டங்களில் ஒன்று மட்டும் கொப்புளம் போட்டது. அது டைதான், அதையும் எழுதிக் கொடுத்தார்கள். தாடி மழித்து, வெள்ளைத் தலையோடு இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் நின்றபடியே படித்தார். படித்துவிட்டு என் தலையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மால கயட்டியாச்சா?"

"கயட்டியாச்சு சார்."

"ரெண்டு நாள் கயிச்சா வீங்கும்?"

"ஆமா சார்."

அவர் கை அவர் காது மடலைத் தடவிப் பார்த்தது. அவர் தலை எப்போதும் நல்ல கறுப்பு. அப்புறம் தூரத்தில் இருந்த அடுக்கைக் காட்டினார்.

"மேலருந்து ரெண்டாவது பொட்டி. நம்பர் படி."

நாலு எழுத்தும் ஏழு எண்ணும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். கடைசியில் இன்னொரு தடவை முழுசாகப் படித்துக் காட்டினேன். அவர் சாவியைக் கொடுத்தார். கடிதங்களைத் திருப்பித் தரவில்லை, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்றைக்கும் வண்டியில்தான் இருக்கிறேன். சில பேர் பெரியவரே என்கிறார்கள். எத்தனை நாளைக்கு ஓட்ட விடுவார்கள் என்று தெரியாது. இறால் திரும்ப வந்துவிட்டது. மனைவி மட்டும் இன்னமும் செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழம் வாங்குகிறாள். அதான் காரணம் தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்கு விளக்கு என்று கேட்டேன்.

"கண்ணாலம் காச்சின்னு போவ சொல்லோ மறுபடியும் பாக்கெட்ட எடுப்ப" என்றாள். "அதுக்கு ஏத்தறேன்."