புதுநன்மை அன்று விழுந்த ட்ரிப் சுவிட்ச்

மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை அன்று காலை, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. ஏற்றினால் விழுகிறது. திரும்ப ஏற்றினால் திரும்ப விழுகிறது. பூசை முடிந்ததும் வெள்ளவத்தையிலிருந்து சொந்தக்காரப் பட்டாளம் சாப்பிட வருகிறது. பிரிட்ஜில் ஐஸ்கிரீம் இளகத் தொடங்கிவிட்டது.

என் கணவர் ஸ்க்ரூட்ரைவரோடு ஸ்டூலில் ஏறிவிட்டார். "இந்தச் சனியனை விட்டுட்டு வயரை நேரா குடுப்பம். இண்டைக்குச் சமாளிச்சாச் சரி."

எனக்கு வந்ததே கோபம். "அதில கை வச்சுப் பாருங்க, ரோட்டில நிண்டு கத்துவன். எங்கயோ கரண்ட் கசியுது, அதுதான் விழுது. ஆள் சாகாம இருக்கத்தான் அதைப் பூட்டியிருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

எல்லாப் பிரேக்கரையும் இறக்கிவிட்டு ட்ரிப் சுவிட்சை ஏற்றினேன். நின்றது. பிறகு ஒவ்வொரு பிரேக்கராகத் தூக்கினேன். குசினி, நின்றது. அறைகள், நின்றது. ஹாலைத் தூக்கினேன், டக்கென்று விழுந்தது. அகப்பட்டான் கள்ளன். சந்தோஷத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஹாலில் டீவி, மேசை ஃபேன், பிரிட்ஜ் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றினோம். அப்போதும் விழுந்தது.

"இனிக் கழட்ட ஒண்டும் இல்லை" என்றார்.

சுவரில் திரு இருதயப் படமும் அதன் சிவப்புப் பல்பும்தான் மிச்சம். கல்யாணமான புதிதில் மாட்டியது. பிளக்கும் இல்லை, சுவிட்சும் இல்லை, இரவு பகலாக எரியும். அதை ஒரு மின்சாரச் சாமானாக நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை.

மெயினை இறக்கிவிட்டுப் படத்தைக் கழற்றினேன். இரவு பெய்த மழையில் சுவர் நன்றாக ஊறியிருந்தது. வயரின் தோல் உரிந்து, செம்பு படத்தின் பித்தளைச் சட்டத்தில் ஒட்டிக் கிடந்தது. பல்புக்குப் போன வயரைப் பிரித்தெடுத்து, முனைகளில் டேப் சுற்றி, மறுபடி எல்லாவற்றையும் ஏற்றினேன். விழவில்லை. பிளக்கைச் செருகியதும் ஃபேன் சுழன்றது. சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டிக் குதித்தேன்.

"பாத்தீங்களா? நான் சொன்னனான் தானே?"

அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"வேலைக்குப் போக முன்னம் இந்தச் சட்டத்தைத் தொட்டுத்தானே கும்பிடுறனான்" என்றார். "இந்தக் கிழமை தொடேக்க விரல் விறுவிறுத்தது. ஆண்டவர் என்னைத் தொடுறார் எண்டு நினைச்சன்."

அவர் சொன்னபடி வயரை நேராகக் கொடுத்திருந்தால், நாளைக் காலையும் அதைத் தொட்டிருப்பார். பக்கத்தில் இருந்து அவருடைய கையைப் பிடித்தேன். மகள் வெள்ளை உடுப்போடு வந்து பூசைக்கு நேரமாகுது என்று கூப்பிடும்வரை விடவில்லை.