நான் ஓட்டினால் மட்டும் வரும் சத்தம்

எங்கள் காருக்கு என்மேல் ஏதோ கோபம் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர் ஓட்டினால் வண்டி சத்தமே இல்லாமல் போகும். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் போதும், எங்கிருந்தோ 'கடக்' என்று ஆரம்பித்துவிடும். பிரேக் போட்டால் ஒரு கடக். வளைவில் திரும்பினால் இரண்டு கடக். வேகத்தடையில் ஏறி இறங்கினால், உள்ளே யாரோ உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டுவது போல நீளமாக ஒரு சத்தம் வரும்.

நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு திருவண்ணாமலையில். பல வருடங்கள் பஸ்ஸில்தான் போய்வந்தேன். ஒரு கையில் மேல்கம்பி, மறு கையில் சாப்பாட்டுப் பை, விலாவில் அடுத்தவர் முழங்கை. நாற்பத்தைந்து வயதுக்குமேல் பிடிவாதம் பிடித்துக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வீட்டில் இருந்தால் ராத்திரிக்கு என்ன டிபன் என்று கேட்பார்கள். வகுப்பில் இருந்தால் பரீட்சைக்கு இது வருமா என்று கேட்பார்கள். காருக்குள் மட்டும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த நேரம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. சில நாள் வாசலுக்கு வந்த பிறகும் இறங்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

என் கணவர் டவுனில் வேறொரு பள்ளியில் சயின்ஸ் வாத்தியார். ராகு காலம், சகுனம், கண் திருஷ்டி எதுவும் அவரிடம் எடுபடாது. கார் வாங்கிய அன்று கோயிலில் பூஜை போடலாம் என்றேன். "இன்ஜினுக்கு ஆயில் போட்டா போதும், கற்பூரம் வேணாம்" என்றார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் ஒரு பௌர்ணமிக்குக்கூட கிரிவலம் போகாத மனிதர். கேட்டால், "மலை எங்க போயிடப் போகுது" என்பார்.

நான் ஓட்ட ஆரம்பித்து முதல் ஒரு மாதம் எந்தச் சத்தமும் இல்லை. அப்புறம் லேசாக வந்தது. வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. ஒரு நாள் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். சத்தம் வந்தது. முகம் வெளுத்துப்போனது. ஆனால் வாய் மட்டும் மாறவில்லை. "கிளட்ச்ச அப்படி மிதிச்சா எந்த வண்டிதான் கத்தாது" என்றார்.

மெக்கானிக்கிடம் போனோம். ஆள் நல்ல உயரம். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, காலை நீட்டி உட்கார்ந்து, எங்களையும் ஏற்றிக்கொண்டு செங்கம் ரோட்டில் ஒரு சுற்று சுற்றினான். ஒரு பொட்டு சத்தம் இல்லை. அடியில் படுத்து ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்த்தான். சீட்டுப் பக்கம் அவன் குனிந்தபோது என் கணவர் குறுக்கே போய், "அங்கெல்லாம் நானே பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல. நீ வீல பாரு" என்றார். அதை நானும் நம்பினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பேச்சை நம்பி நான் கண்ட பலன் ஒன்றும் கிடையாது. இருந்தும் நம்பினேன்.

கடைசியில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னா சத்தம்னே தெரியல மேடம். பாட்டு ஜாஸ்தியா வெச்சுக்குங்க, கேக்காது" என்றான்.

நான் சும்மா விடுகிற ஆளா? வளையலைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். டிக்கியில் இருந்த ஜாக்கியை என் கணவரின் நல்ல வேட்டி ஒன்றில் சுற்றிக் கட்டினேன். அந்த வேட்டியை அவர் அலமாரியில் தேடியபோது நானும் கூடச் சேர்ந்து தேடினேன். சத்தம் மட்டும் குறையவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். "வண்டிய வித்துடலாம். நீ பஸ்லயே போ. சத்தம் ஜாஸ்தியாகிட்டே போவுது. நடுரோட்ல வீலு கழண்டுச்சுன்னா?"

"நீங்க ஓட்டறப்ப கழலாதா?" என்றேன்.

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் ஓட்டுவதில் இந்த மனிதருக்குத் துளி நம்பிக்கை இல்லை, அதற்குச் சத்தம் ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் முழுக்க அவர் தட்டில் உப்பு கம்மியாகவே விழுந்தது. அவரும் கேட்காமல் சாப்பிட்டார். ஆனால் கார் வாங்க ஒருவரை ஏற்பாடு செய்வதை மட்டும் நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் வாங்குபவர் வந்து சேர்ந்தார். மல்லாட்டை வியாபாரி. வேர்க்கடலை மூட்டைகளைப் பார்த்துப் பார்த்தோ என்னவோ, ஆளும் அதே வாகு. குள்ளம், நல்ல பருமன். ஓட்டிப் பார்க்கணும் என்றார். என் கணவர் முன்னால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். விற்பது விற்கிறார்கள், என் வண்டிக்குக் கடைசி மரியாதையாவது செய்வோம் என்று நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

வியாபாரிக்குக் கால் எட்டவில்லை. கீழே கையை விட்டு, சீட்டை முழுசாக முன்னால் இழுத்தார்.

"வேணாம் சார், அப்படியே இருக்கட்டும்" என்று என் கணவர் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

கிரிவலப் பாதையில் ஏறினோம். முதல் பிரேக்கில் 'கடக்' என்றது. அடி அண்ணாமலையை நெருங்கும்போது ஒரு ஆடு குறுக்கே வர, மறுபடி அழுத்தினார். 'கடக் கடக் கடக்.'

"இன்னா சார் இது சத்தம்?" என்றார் வியாபாரி.

என் கணவர் பழக்கதோஷத்தில் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நான் ஓட்டலைங்க" என்றேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பாக நான் எதையும் சொன்னதில்லை. சொன்ன சந்தோஷத்திலேயே மூளையும் வேலை செய்தது. எனக்கும் இந்த வியாபாரிக்கும் என்ன பொருத்தம்? இரண்டு பேரும் குள்ளம். இரண்டு பேரும் சீட்டை முன்னால் இழுப்பவர்கள். என் கணவரும் மெக்கானிக்கும் பின்னால் தள்ளுபவர்கள். குனிந்து, வியாபாரியின் சீட்டுக்கு அடியில் கையை விட்டேன்.

உருண்டையாக, கொட்டைப்பாக்கு மாதிரிக் கெட்டியாக ஒன்று அகப்பட்டது. வெளியே எடுத்தால் காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம். மேலே குங்குமம். மறுபடி கை விட்டேன். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. கறுப்பு, பழுப்பு, பாதி காய்ந்தது என்று ஒவ்வொன்றாக மடியில் சேர்ந்தன. கடைசியாக வந்தது வாடக்கூட இல்லை, மஞ்சள் மாறாமல் இருந்தது. சீட்டைப் பின்னால் தள்ளினால் எல்லாம் இரும்புச் சட்டத்தில் இறுகிக்கொள்ளும். முன்னால் இழுத்தால் இடம் கிடைத்து உருளும். பச்சையாக இருந்தவரை மெத்தென்று கிடந்தவை, காயக் காயக் கல்லாகிச் சத்தம் போட்டிருக்கின்றன.

வியாபாரி கண்ணாடியில் என் மடியைப் பார்த்தார். வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, வண்டிக்கு யாரோ செய்வினை வெச்சிருக்காங்க. இத்தினி பழம் வெக்கிறதுன்னா சாதாரண பகை இல்ல. கோச்சுக்காதீங்க சார், வண்டி நல்ல வண்டிதான். நமக்கு வேணாம்."

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி வியாபாரி போயேபோய்விட்டார்.

"நமக்கு யாருங்க அவ்ளோ பெரிய எதிரி?" என்று கேட்டேன். அவர் காது சிவந்திருந்ததிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நான்தான்" என்றார். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அம்மன் கோயில்ல வாங்கி வெச்சேன். நீ புதுசா ஓட்டறியே."

வெள்ளிக்கிழமைகளில் பேப்பர் படிக்கிறேன் என்று டீக்கடைக்குப் போனவர் இவர்.

"சத்தம் வந்த பிறகுமா வெச்சீங்க?"

"சத்தம் வந்ததும் பயம் ஜாஸ்தியாயிடுச்சு. அதான் இன்னொண்ணு வெச்சேன்."

"அப்புறம் சத்தம் இன்னும் ஜாஸ்தியாச்சே?"

"அதான் இன்னொண்ணு."

நான் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பழங்களெல்லாம் கீழே உருண்டன. ரோட்டில் நடந்துபோன சாமியார் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். இனி என் சாவியைக் கேட்டால் இந்தக் கதை உங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமுக்குப் போகும் என்று மிரட்டினேன். யாரிடமும் சொல்லிடாதே என்று கெஞ்சினார். பெயர் போடாமல் எழுதினால் சொன்னதில் சேராது.

அப்போதுதான் அவர் மெதுவாக, "நீ போய் சேர்ந்திருப்பியான்னே இருக்கும். மொத பீரியட்ல பசங்கள எழுதச் சொல்லிட்டு சும்மா உக்காந்திருப்பேன்" என்றார்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. "பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்ல வாய் இல்லையா? எனக்குக் கிளட்ச் மிதிக்கத் தெரியலன்னு ஊரெல்லாம் சொல்ல மட்டும் இருந்துச்சா?" என்றேன். அவர் கீழே கிடந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். சீட்டை நகர்த்தவேண்டி இருக்கவில்லை, வியாபாரி என் அளவுக்கே வைத்துவிட்டுப் போயிருந்தார். வீடு வரை வண்டி மூச்சுவிடவில்லை. பேருந்து நிலையத்து நெரிசலில்கூட அவர் அந்தக் கைப்பிடியைத் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை சாவியை அவரே கொண்டுவந்து கார் ஜன்னல் வழியாக நீட்டினார். என்னைப் பார்க்காமல், பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "போய் சேந்ததும் ஒரு போன் பண்ணு. பயமா இருக்கு" என்றார்.

பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்குவதற்கு முன்பே போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்துட்டேன்" என்றேன்.

"சரி. நான் கிளாஸுக்குப் போறேன்" என்றார்.