செங்கல் நிறக் குளிசை

அந்த வருடம் பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதையில் யேசுவாக நடிக்க எங்கள் மாமாவைத் தெரிவு செய்ததற்கு ஒரே காரணம் அவர் மெலிந்திருந்ததுதான். அதுவரை எங்கள் தீவுக் கரை ஊரான தாழ்வுபாட்டில் யேசுவாக வந்தவர்கள் எல்லோரும் வலை இழுத்து உடம்பு வைத்தவர்கள். சாட்டையோடு வருகிற படைவீரனைத் திருப்பி அடித்துவிடுவார்கள் போலிருக்கும். மாமாவுக்கோ கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிந்து, கண்கள் மட்டும் பெரிதாகியிருந்தன. தவக்காலத்தில் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒறுத்தல் செய்கிறார் என்று ஊர் நம்பியது. பங்குச் சுவாமி வேறு ஆளைத் தேடவேயில்லை.

நான் நம்பவில்லை. மாமாவை மாமி கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு வைத்துக் கொல்கிறார் என்பது என் முடிவு.

அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்ததால் நான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி மாமா. அவருடைய வீடு எங்கள் வளவுக்கு அடுத்தது. நடுவில் ஒரு கிடுகு வேலி. மாமி எங்கள் பக்கத்து ஆள் அல்ல. மலைநாட்டிலிருந்து வந்து பெருநிலப்பக்கம் குடியேறிய குடும்பம். கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர். “தலையில தண்ணி ஊத்தினாப்போல வேதக்காரி ஆகிடுவாளோ?” என்று பெரியம்மா கேட்பார். மாமி குழம்பு கொடுத்துவிட்டால் பெரியம்மா அதைப் பூனைக்கு வைத்து, பூனை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். பூனை நன்றாகக் கொழுத்தது. அதுவும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

வேலியடியில் நின்று பார்க்கும் வேலையை எனக்குத் தந்தவர் பெரியம்மாதான். “நீ சின்னப் பிள்ளை, உன்னில ஆரும் சந்தேகப்படமாட்டினம்” என்றார். எனக்கு அது பெரிய பதவி.

நான் கண்டது இது. விடியற்காலையில், மாமா தேத்தண்ணிகூடக் குடிக்குமுன், மாமி அரிசி வாளிக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுப்பார். செங்கல் நிறத்தில் பெரிய பெரிய குளிசைகள். மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவார். அதோடு விடமாட்டார் மாமி. “வாயைத் தெறங்க. நாக்கைத் தூக்குங்க” என்பார். உள்ளே குனிந்து பார்த்துவிட்டுத்தான் பொட்டலத்தை மறுபடியும் அரிசிக்குள் புதைப்பார். மாமா சத்தி எடுத்த நாட்களும் உண்டு. அப்போதும் மாமி அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே, நாளைக்கும் போடத்தான் வேண்டும் என்று சொல்வது கேட்கும்.

நல்ல மருந்தென்றால் ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்று நான் யோசித்தேன். ஒரு நாள் மாமா வேலியோரம் ஒதுங்கிவிட்டுப் போன இடத்தைப் பார்த்தேன். வெள்ளை மணல் செம்மஞ்சளாக நனைந்திருந்தது. ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன்.

“வடிவாப் பாத்தனியோ? ரத்தமோ?”

“ரத்தம் மாதிரித்தான். ஆனா தோடம்பழம் மாதிரியும் கிடக்கு.”

பெரியம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். “வசிய மருந்து. ஈரலைக் கரைச்சு வெளியால எடுக்குது” என்றார்.

மாமாவுக்கு இருந்தது காசநோய். ஊரில் ரீபி என்பார்கள். வள்ளத்தின் முதலாளியான சம்மாட்டி அறிந்தால் மாமாவை வள்ளத்தில் ஏற்றமாட்டார். மற்றவர்கள் அவர் குடித்த போத்தலில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அதனால் மாமாவும் மாமியும் பட்டணத்துக் கிளினிக்குக்குப் போவதை, மாமியின் தாய்க்குச் சுகமில்லை என்ற பொய்யால் மூடி வைத்திருந்தார்கள். பெரியம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. பெரியம்மாவுக்குச் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று என்பது மாமாவுக்குத் தெரியும். இதெல்லாம் நான் பிறகு அறிந்தது.

பெரிய வெள்ளி வந்தது. சிலுவைப்பாதையின் ஆறாம் தலத்தில் வெரோணிக்கா யேசுவின் முகத்தைத் துடைப்பார். எங்கள் ஊரில் பல காலமாக வெரோணிக்கா பெரியம்மாதான். அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இதில் ஒரு வழமை உண்டு. வெரோணிக்காவிடம் இரண்டு துணிகள் இருக்கும். ஒன்று வெறும் வெள்ளை. அதனால் முகத்தைத் துடைப்பார். மற்றது யேசுவின் முகம் வரைந்தது. முந்தானைக்குள் மடித்து வைத்திருப்பார். துடைத்த கையோடு வெள்ளையை உள்ளே தள்ளி, படத்தை எடுத்துச் சனத்துக்கு விரித்துக் காட்டுவார். எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே அழுவார்கள்.

அன்று வெயில் மணலைச் சுட்டது. பனங்குற்றிச் சிலுவை பாரமானது. மாமா நடிக்கவில்லை, உண்மையாகவே தள்ளாடினார், உண்மையாகவே அழுதார். பெரியம்மா போய்த் துடைத்தார். தம்பியின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததாலோ என்னவோ, துணியை மாற்ற மறந்துபோனார். துடைத்த துணியையே விரித்துப் பிடித்தார்.

கண்ணிருந்த இடத்தில் இரண்டு செம்மஞ்சள் கறை. அதற்கு மேல் நெற்றி வியர்வை ஒரு கோடாக. வேறொன்றுமில்லை. ஆனால் பார்க்கிற மனதுக்கு அது ஒரு முகம்.

முன்னால் நின்றவர்கள் துணியை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு கிழவி “என்ர ஆண்டவரே!” என்று மணலில் விழுந்தார். சனம் முழுவதும் முழங்காலில் நின்றது. சாட்டை வைத்திருந்த படைவீரனும் தகரத் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். பங்குச் சுவாமி மட்டும் கிட்டப் போய்த் துணியை மணந்து பார்த்து, “முள்முடியின்ர சாயம் கழண்டிருக்கும்” என்று மெல்லச் சொன்னார். அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

நான் மாமியைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. மாட்டுப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

இரவுக்குள் பெரியம்மாவின் வீடு நிறைந்துவிட்டது. துணியில் முள்முடி தெரிகிறது என்றார்கள். பக்கத்து ஊரான தாராபுரம் போய்த் திரும்பிய கதையில் தாடியும் முளைத்திருந்தது. பெரியம்மா தன் பழைய சந்தேகத்தையும் புதிய அற்புதத்தையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டார்: அவள் கொடுத்த நஞ்சை ஆண்டவர் கண்ணீராக வெளியே எடுத்துவிட்டார். அப்படியானால் இனி அந்தக் குளிசை மாமாவின் வாயில் படக்கூடாது.

மாமாவும் மெதுவாக அந்தப் பக்கம் சாய்ந்தார். மாமா என்ன செய்வார்? இருமல் நின்றிருந்தது. கொஞ்சம் பசியும் எடுத்தது. ஊர் முழுவதும் அவரைத் தொட்டுக் கும்பிட்டது. கிளினிக்கில் ஆறு மாதம் விடாமல் போட வேண்டும் என்றிருந்தார்கள்; இன்னும் பாதிகூட ஆகவில்லை.

ஈஸ்டர் கழிந்த காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் சண்டை கேட்டது.

“எனக்குச் சுகம் வந்திட்டுது. ஆண்டவர் தொட்டதைக் குளிசையால பழுதாக்கச் சொல்றியோ?”

“டொக்டர் என்னங்க சொன்னாரு? செவப்பாப் போகும்னு சொன்னாரா இல்லையா?”

“மூத்திரம் எண்டுதான் சொன்னவர். கண்ணீர் எண்டு சொல்லேல்லையே!”

மாமி உள்ளே போகும் காலடி கேட்டது. பிறகு அரிசி வாளி திறக்கும் சத்தம். நான் கிடுகை விலக்கினேன். மாமி மாமாவின் முன்னால் நின்று, அந்தக் குளிசையில் ஒன்றைத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு மாமா செய்வதுபோலவே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

“உனக்கென்ன விசரோ?” என்று மாமா கத்தினார்.

மத்தியானம் நான் மறுபடியும் வேலியடிக்குப் போனேன். மாமி பின்பக்கமிருந்து வெள்ளை எனாமல் பேசின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மாமாவின் முன்னால் வைத்தார். அதற்குள் என்ன இருந்ததென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோடம்பழ நிறம்.

“உங்களுக்கு மட்டும்தான் ஆண்டவர் வந்தாரா? எனக்கும் வந்திருக்காரு, பாருங்க.”

மாமா பேசினைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். சிரிப்பு வந்ததோ அழுகை வந்ததோ, முகம் கோணியது. வலையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். விழுங்கியபின், கேட்காமலே வாயைத் திறந்தார்.

நான் ஓடிப்போய், மாமியும் நஞ்சு குடித்துவிட்டார், ஆண்டவரையும் பேசினில் வைத்துப் பகிடி பண்ணுகிறார் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து பெரியம்மா மாமியை எங்கள் வீட்டு வாசலில் ஏற்றவில்லை.

நான் படிப்பை இடையில் விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தவள். நீர்கொழும்பில் மீன் பொதி செய்தேன், கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் நின்றேன். ஒரு அறையில் நெருக்கிப் படுத்த விடுதியில் இருமல் எனக்கும் தொற்றியது. கிளினிக்கில் என் கையில் வைத்தது அதே செங்கல் நிறக் குளிசை. இது என்ன செய்யும் என்று நான் குறுக்குக் கேள்வி கேட்டேன். அங்கிருந்த இளம் டொக்டர் சலிக்காமல் சொன்னார். கிருமிக்குள் டி.என்.ஏ. என்று ஒரு நீண்ட மூல எழுத்து இருக்கிறது. கிருமிக்கு ஒரு புரதம் தேவைப்பட்டால், மூலத்தில் அந்தப் பகுதியை மட்டும் நகல் எடுக்கும். நகலைப் பார்த்துத்தான் புரதம் கட்டப்படும். குளிசையில் கலந்திருக்கிற மருந்துகளில் சிவப்பானது, நகல் எடுக்கிற பொறியின் இடுக்கில் போய்க் குந்திவிடும். இரண்டு மூன்று எழுத்தோடு நகல் அறுந்துபோகும். நகல் இல்லையென்றால் புரதம் இல்லை, கிருமி சாகும். எங்கள் உடம்பிலுள்ள பொறி வேறு வடிவம், அதில் அது பிடிக்காது. மருந்தின் நிறம் மட்டும் வியர்வையிலும் கண்ணீரிலும் வெளியே வரும்.

இடையில் நிறுத்தினால் என்ன என்று கேட்டேன். கிருமி பெருகும்போது மூலம் முழுவதையும் பிரதி எடுக்கும், அதில் சிலவேளை ஒரு எழுத்துப் பிழையாகிவிடும், அந்தப் பிழையால் பொறியின் இடுக்கு மாறிய கிருமியை மருந்து பிடிக்காது என்றார். பாதியில் விட்டால் அப்படிப்பட்டவை மிஞ்சிப் பெருகும். பிறகு ஆளைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

அன்றே மாமிக்குப் போன் எடுத்தேன். “மாமி, எனக்கும் சிவப்பாப் போகுது” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

மாமி போனோடு வளவுக்குள் இறங்கி நடப்பது கேட்டது. பிறகு, “வெறும் வயித்துல போடு. நடுவுல நிறுத்திடாத” என்றார்.

மாமா இன்றைக்கும் கடலுக்குப் போகிறார். துணி இன்றைக்கும் பெரியம்மா வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. ஆறாம் தலம் வரும்போது அதை வெளியே எடுப்பார்கள். அந்த அற்புதத்துக்கு அடுத்த வருடப் பெரிய வெள்ளியன்று, சின்னப் பிள்ளையாக, நான் மாமியையே கவனித்துக்கொண்டு நின்றேன். துணியைக் கண்டதும் சனத்தோடு சேர்ந்து அவரும் சுடுமணலில் முழங்காலில் நின்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் தங்கள் சட்டை படாமல் விலகிக்கொண்டார்கள். என்ன நடிப்பு என்று நான் நினைத்தேன். அந்தக் கறை எதனால் வந்ததென்று மாமி வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அவருடைய பழி அன்றோடு போயிருக்கும், மாமாவை ஏற்ற ஒரு வள்ளமும் இருந்திராது என்பது அப்போது எனக்குத் தெரியாது.